கப்பலில் என் பங்கு

நன்கு யோசித்துச் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பது கடினம். யோசிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. நான் மூன்று மாதம் யோசித்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் சமூகப்பணி படித்தவன் நான் ஒருவன்தான். என் முதல் சேமிப்பில், கடலில் எண்ணெய் தேடுவோருக்குக் கப்பல் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்கினேன். அதன் கப்பல்களை உடைத்து இரும்பாக விற்றால்கூட, பங்கின் விலையைவிட அதிகம் தேறும் என்பது என் ஆராய்ச்சி. மீனவர் வீட்டுப் பிள்ளை இதில் பணம் போடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பங்குதாரரானால் உள்ளிருந்தே தட்டிக்கேட்கலாம் என்று இரண்டு பக்கம் விடை எழுதினேன். (யாரும் கேட்கவில்லை. நானே படித்து, நானே தலையாட்டிக்கொண்டேன்.)

நிறுவனத்தின் கையில் வேலை இல்லாததால்தான் அந்தப் பங்கு மலிவாகக் கிடந்தது. ஒருநாள் காலை, நிறுவனத்துக்குப் பெரிய ஆய்வுப் பணி கிடைத்ததாகச் செய்தி வந்தது, பங்கு ஏறியது. பொன்னேரிக்கு ஓடி லட்டு வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஆய்வு எந்தக் கடலில் என்பது செய்தியின் கடைசி வரியில் இருந்தது. அதுவரை படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பத்தே நாளில் அந்த நிறுவனத்தின் கப்பல் எங்கள் கடலுக்கு வந்து, நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) விட்டிருந்த வஞ்சிர வலையை நடுவே பிளந்துகொண்டு போனது. வஞ்சிரம் வரும் காலம். வீட்டில் வேறு வலை இல்லை.

மறுநாள் ஊர்க்கூட்டம். நைனா படகிலிருந்து எடுத்த கப்பல் படத்தைத் தலைவர் என்னிடம் நீட்டினார்.

“படிச்சவன் நீதான். இன்னா பேருன்னு பாரு. மனு எழுதணும்.”

பார்த்தேன். பெயர் தெளிவாகவே இருந்தது.

“எழுத்து சரியா தெரியல தலைவரே.”

(நான் இன்றும் வெட்கப்படுவது பங்கு வாங்கியதற்கு அல்ல, இந்த நான்கு சொற்களுக்கு.)

ஓரமாக நின்றிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் தினமும் பெருமையாகக் காட்டிய நீல நங்கூரச் சின்னம் தெரியும்.

“ஐய, இது நம்ம கம்பெனி! இதுக்குத்தானடா லட்டு குடுத்த?”

கூட்டமே என் பக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டு மரகதம் அக்கா மட்டும் மெல்ல, “நான் ரெண்டு துன்னுட்டேனே” என்றார்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகு இன்னொருவர் வலையைக் கிழித்தால், படகில் பங்குள்ள அனைவரும் வலைக்காரரோடு உட்கார்ந்து கடைசிக் கண்ணி வரை முடிந்துகொடுக்க வேண்டும்.

“கப்பல்ல உனக்குப் பங்கு கீதா?” என்றார் தலைவர்.

“கீது. ஆனா ரொம்பச் சின்னது. ஒரு ஆணிகூட வராது.”

“சின்னது பெருசுன்னுலாம் ஊர்ல சட்டம் இல்ல. மத்த முதலாளிங்க வர்றப்ப வரட்டும். நீ நாளைக்கே உக்காரு.”

பங்குகளை விற்று நூல் வாங்கி உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் மற்ற படகுகள் வஞ்சிரத்தோடு கரையேறின. நைனா திட்டவே இல்லை. நான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, திரும்பப் போட்டார். திட்டியிருக்கலாம்.

மனுவையும் நானே எழுதினேன். பங்குதாரராக இருந்தபோது வாரந்தோறும் மடல் அனுப்பிய நிறுவனம், வலைக்காரர் மகன் எழுதியதற்கு இன்றுவரை பதில் போடவில்லை.

ஊரில் இப்போது என் பெயர் ‘முதலாளி’. போன மாதம் புது வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா பெட்டியைத் தொடவில்லை; கரையில் இருந்த நைனாவுக்குக் குரல் கொடுத்தார்:

“யோவ், இவன் லட்டு வாங்கினு வந்துகிறான்! மொதல்ல வலைய எடுத்து உள்ள வை!”