தோற்கத் தெரியாத ஆதிமூலம்

ஆதிமூலம் இந்த ஆட்டத்திலும் ஜெயித்துத் தொலைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தலைதீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை சிவசங்கர். பெங்களூர் ஆபீஸில் போக்கர் சீட்டாட்டப் போட்டியில் கோப்பை வாங்கியவர். காசு வேண்டாம், கொல்லையில் விளைந்த வேர்க்கடலையை, செஞ்சிப் பக்கத்து மல்லாட்டையையே வறுத்துப் பந்தயமாக வைப்போம் என்று அவர்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்.

"மொத மொத வந்த மாப்ளைய தோக்கடிச்சி அனுப்புனா ஊரு இன்னா சொல்லும்? ஒழுங்கா தோத்துடுங்க" என்று மனைவி ராஜாம்பாள் அடுப்படியில் வைத்தே எச்சரித்திருந்தாள்.

தோற்கலாம்தான். ஆனால் செஞ்சி வட்டாரத்தில் சீட்டில் ஆதிமூலத்தை அடிக்க ஒருத்தன் பிறந்து வரவேண்டும். அந்தக் கைக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

தோற்பதற்காகவே சீட்டைப் பார்க்காமல் ஒரு பிடி மல்லாட்டையைத் தள்ளினார்.

சிவசங்கர் நெற்றியைத் தேய்த்தார். "இவ்ளோ தைரியமா கட்டுறீங்க. கணக்குப்படி நான் இதுக்கு மேல போகக் கூடாது மாமா." சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். நடுவில் கிடந்ததெல்லாம் ஆதிமூலத்திடமே வந்தது.

"கணக்கு இன்னாத்துக்கு மாப்ள? ஜாலியா ஆடுங்க!"

"ஜாலியா ஆடுனா தோத்துடுவோம் மாமா."

அடடா, வழி கிடைத்துவிட்டது! அடுத்த ஆட்டத்தில் ஆதிமூலம் வாய்விட்டுச் சிரித்தார். "சத்தியமா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல மாப்ள!"

"இப்படிச் சொல்றவங்க கையிலதான் ஏஸ் இருக்கும்." மறுபடியும் கவிழ்த்தார்.

"இந்தா, மொத்தமும் வச்சிட்டேன்!"

அதற்கும் கவிழ்த்தார்.

ஆதிமூலத்துக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. பெங்களூர்க் கணக்கையே மண்ணைக் கவ்வ வைத்த கை அல்லவா! மீசையைத் தடவப் போனவர், கதவோரம் ராஜாம்பாள் முறைப்பதைப் பார்த்துக் கையை இறக்கினார்.

இனி ஒரே வழிதான். மாப்பிள்ளை சீட்டைக் கலைக்கும் போதெல்லாம் தன் குவியலைப் பிடி பிடியாக அள்ளித் தின்றார். விக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தின்றார்.

கடைசி மல்லாட்டையும் இறங்கியதும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "போச்சி மாப்ள! கட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

ராஜாம்பாள் முகம் மலர்ந்தது. வயிறு ஊதிக் கிடந்தாலும் ஆதிமூலம் நெஞ்சை நிமிர்த்தினார். நினைத்ததை முடித்தாயிற்று.

சிவசங்கர் மட்டும் திருதிருவென்று விழித்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மகள் வளர்மதி, புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நைனா தோத்தா ரெண்டு நாளைக்கு சோறு திங்காது, எவ்ளோ நல்ல சீட்டு வந்தாலும் கவுத்து வச்சிடுங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே... இப்படி ஜெயிச்சிட்டு நிக்கிறீங்களே!"