சாப்பிடலாம் என்று இரைப்பை அண்ணை சொன்னார்

பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இரைப்பை அண்ணைக்குப் பயப்படாத பறவையே கிடையாது. பறவை வளர்ப்பவர்களும் பயந்தார்கள். யூதர்களுக்குக் கோழி விற்கும் கடையொன்றில் அவருக்கு இருபது வருட வேலை. அவர்கள் விதிப்படி எந்தப் பறவையைச் சாப்பிடலாம் என்பதை முதலாளியிடம் கேட்டுப் பாடமாக்கி, கண்ணில் பட்ட சிறகுள்ள எல்லாவற்றையும் பரிசோதித்தார். கோழி இரைப்பையை உரித்துக் காட்டிக் காட்டியே அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

ரூ காய் தெருவில் சேலைக்கடை அக்கா செல்லமாக ஒரு கிளி வளர்த்தார். ஒருநாள் அண்ணை கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, மரணச் செய்தி சொல்பவர் போல அவரிடம் திரும்பினார்.

“அக்கா, மனசைத் திடப்படுத்துங்கோ. ரெண்டு விரல் முன்னுக்கு, ரெண்டு விரல் பின்னுக்கு வைச்சு நிக்குது. இதைச் சாப்பிட ஏலாது.”

“ஐயோ! ஆர் என்ரை கிளியைச் சாப்பிடக் கேட்டது?”

அன்று சேலைக்கடை மத்தியானமே பூட்டப்பட்டது.

இப்பேர்ப்பட்டவரை நானே வீட்டுக்கு அழைக்க வேண்டி வந்தது. என் மகள் மீரா, தான் கட்டிக்கொள்ளப் போகிறவன் நாத்தான் என்றும், அவன் யூதன் என்றும், ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறான் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. மனைவிக்கோ வேறு கவலை: “அந்தப் பெடியனுக்கு என்னத்தைச் சமைக்கிறது?”

ஞாயிறு காலை அண்ணை புதுச் சட்டி, புதுக் கரண்டி, கோழிப் பை சகிதம் வந்தார். மனைவி வாங்கிவைத்திருந்த கோழியைப் பார்த்து, “கோழி சரி, வெட்டின விதம் பிழை” என்று குளிர்பெட்டிக்குள் தள்ளினார். தயிரையும் பின்னாலேயே அனுப்பினார். இறைச்சியோடு பால் சேரக் கூடாதாம். பிறகு, தான் கொண்டுவந்த கோழியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார்.

“இஞ்சை பாருங்கோ, மேலதிக விரல். இது தொண்டைப்பை. இந்த இரைப்பையின்ரை உள்தோலை உரியுங்கோ. கையாலை உரிஞ்சு வந்தால்தான் சாப்பிடலாம்.”

ஆயுள் முழுக்கக் காகிதம் புரட்டிய கையால் உரித்தேன். தோல் வந்தது. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

மணி அடித்தது. பூச்செண்டோடு நின்ற நாத்தானை அண்ணை கையைப் பிடித்து இழுத்துப்போய், அடுப்பின் முன் நிறுத்தி, லைட்டரை நீட்டினார். நெருப்பை ஒரு யூதர் பற்றவைக்க வேண்டுமாம். அவனும் உடனே வாங்கிப் பற்றவைத்தான். முதன்முதலாக வீடு வந்த மாப்பிள்ளையை நேரே குசினிக்கு அனுப்பிய குடும்பம் பாரிஸிலேயே நாங்களாகத்தான் இருப்போம். நான் தலையில் கைவைத்தேன். “சே பா கிராவ், பப்பா,” பரவாயில்லை என்று மீரா சிரித்தாள்.

கறி கொதிக்கும்போது அண்ணையை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“அண்ணை, கோழி சரி. பெடியனை நினைச்சால் எனக்கு நெஞ்சு பதறுது.”

“தம்பி, கோழிக்கே விரல், இரைப்பை எண்டு அடையாளம் பாத்தால் மட்டும் காணாது. இதை நாங்கள் சாப்பிட்டு வந்தனாங்கள் எண்டு தெரிஞ்ச ஆள் சொல்லவேணும்.”

“இவனைப் பற்றி ஆர் சொல்லுறது?”

“நான் சொல்லுறன்.”

“உங்களுக்கு அவனைத் தெரியுமோ?”

“சின்னனிலை தாயோடை எங்கடை கடைக்கு வருவான். தாய் படுக்கையிலை விழுந்தாப் பிறகு தனிய வந்தான். அவவுக்கெண்டு எலும்பெல்லாம் எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போவான். மூண்டு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமையும் தவறேல்லை.”

லைட்டரை அவன் ஏன் கேள்வி கேட்காமல் வாங்கினான் என்பது அப்போதுதான் விளங்கியது.

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் கோழியைப் பற்றித்தானே கேட்டனீங்கள்!”

நாத்தான் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாம் முறை நானே பரிமாறினேன்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அண்ணை ஒன்றும் சாப்பிடாமல் சட்டி கழுவிக்கொண்டு நிற்கிறார். மேசையில் அவருக்கு ஒரு தட்டு வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூசிப்போனேன். குழாயை மூடி, அவரை உட்காரவைத்து, சோறு போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.