பிரிவு ஒன்பதும் என் கடைவாய்ப் பல்லும்

வந்தேவிட்டது சட்டம்! டாக்டரிடம் நேரம் வாங்கித் தருகிறோம் என்று செல்போனில் கடை விரித்திருக்கும் செயலிக்காரர்களின் கொட்டத்தை அடக்கும் சட்டம். நாற்பத்தெட்டுப் பக்கம். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன்.

மூன்று வாரமாக எனக்குக் கடைவாய்ப் பல் வலி. டாக்டரிடம் போகாததற்குக் காரணம் பயம் என்கிறாள் என் மனைவி. அபாண்டம்! காரணம், கொள்கை. பல் டாக்டர் என்று தேடினால் செயலிக்குக் காசு கொடுத்தவர் பெயர் முதலில் வருகிறது. கைராசிக்காரர் முப்பதாவது இடத்தில் கிடக்கிறார். போதாக்குறைக்கு, பதிவு செய்ய என் எடை வேறு வேண்டுமாம். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்ப்பவன் எடை கேட்பதில்லை. வயிறு எரிகிறது எனக்கு.

"ஏங்க, நானே நேரம் வாங்கிடட்டுமா?" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

"முடியாதுடி! பிரிவு ஒன்பது. நோயாளி போனுக்கு வர்ற நம்பரை அவனே சொன்னாத்தான் பதிவு செல்லும். பொண்டாட்டியே ஆனாலும், என் சம்மதம் இல்லாம யாரும் என் பல்லைத் தொட முடியாது!"

"அப்ப இத்தனை நாள் அநியாயம்தான் நடந்திருக்கு."

"இப்பவாவது புரிஞ்சுதே!"

"சும்மா விடக்கூடாதுங்க. புகார் குடுப்போம். நீங்க சொல்லுங்க, நான் என் போன்ல அடிக்கிறேன்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் என் கட்சிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பொரிந்து தள்ளினேன். அவள் விரல் பறந்தது. என் போன் 'டிங்' என்றது.

"நம்பர் வந்துச்சா? சொல்லுங்க, சீக்கிரம்."

இருந்த ஆவேசத்தில், நம்பரோடு வந்த வாசகத்தை யார் படித்தார்கள்?

"ஏழு, மூணு, மூணு, எட்டு!" என்று மேடையில் முழங்குவதுபோல் முழங்கினேன்.

மறுபடி 'டிங்'. இந்தத் தடவை படித்தேன். 'உங்கள் சம்மதத்துக்கு நன்றி. பல் டாக்டர், இன்று மாலை நாலரை மணி.'

"அடிப்பாவி! ரத்து பண்ணு!"

"பண்ணலாமே. அதுவும் சுலபமா இருக்கணும்னு உங்க சட்டமே சொல்லுதே. ஆனா ஒண்ணு. காசு குடுத்து முதல் இடத்துக்கு வந்த அதே டாக்டர்தான் இவரு. நேர்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பீங்கன்னு பாத்தேன். பயமா இருந்தா வேண்டாம்."

பயமா? எனக்கா? நாலேகாலுக்கே போய்விட்டேன். நாற்காலியில் சாய்த்தார்கள். முகத்துக்கு நேரே விளக்கு. கையுறை மாட்டிக்கொண்டு டாக்டர் வந்தார். வரட்டும்! பிரிவு ஒன்பதிலிருந்தே ஆரம்பிப்பது என்று வாயைத் திறந்தேன்.

"அப்படியே வச்சிருங்க சார்," என்றார்.