ஒரு தட்டு கேட்டால் இருநூற்றைம்பத்தாறு

ஷென்ஜென்,
ஹுவாசியாங்பெய் சந்தைக்குப் பின்தெரு.

பெருமதிப்பிற்குரிய பெரியண்ணன் அவர்களுக்குத் தம்பி சொங்ஹே பணிந்து எழுதுவது. இங்கே நானும் மகள் யாலானும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் வாத்துகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

யாலானுக்குப் பார்த்திருக்கும் தண்ணீர் அலுவலகப் பையன் விஷயமாக எழுதியிருந்தீர்கள். அவள் இன்னும் எத்தனை காலம் அந்த எலெக்ட்ரானிக் சாமான் சந்தையில் ஒயரைச் சுரண்டிக்கொண்டிருப்பாள் என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் அவளிடம் அதையேதான் கேட்டேன். "லுவான் அக்கா கடையில என் பொட்டி ஓடலேன்னா நானே மூட்டை கட்டிடறேன்ப்பா, போதுமா?" என்றாள். பொட்டி என்றால் சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். ஒரு கருவி பேசுவது இன்னொரு கருவிக்குப் புரியாதபோது நடுவில் உட்கார்ந்து, அதன் பேச்சை இதன் பேச்சாக மாற்றிச் சொல்லும். லுவான் அக்கா எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறிக் கொழுக்கட்டைக் கடை வைத்திருக்கும் வடக்கத்திக்காரி. அவளுடைய கொழுக்கட்டை இயந்திரம் ரொம்பப் பழசு, புதிதாக வாங்கிய டேப்லெட்டின் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. டேப்லெட்டில் வாடிக்கையாளர் விரலை வைத்தால் இயந்திரம் தானே கொழுக்கட்டை பிடித்துத் தட்டில் தள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு.

நேற்று மத்தியானம், வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பைக் ஓட்டிகள் கடை நிறைய நிற்கும்போது, யாலான் பொட்டியை மாட்டினாள். மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருத்தன் ஒரு தட்டு என்று அமுக்கினான். இயந்திரம் ஒரு தட்டு போட்டது, எல்லாரும் கை தட்டினோம், இரண்டாவது தட்டும் போட்டது, சரி, சந்தோஷத்தில் போடுகிறது என்று நினைத்தேன், அப்புறம் அது நிறுத்தவே இல்லை அண்ணா, தட்டு தீர்ந்து தாம்பாளம் தீர்ந்து காய் கழுவுற தொட்டியும் நிரம்பிப் போச்சு, மஞ்சள் கவசக்காரன், "அக்கா, நான் ஒரு ஆளு சாப்பிடறதுக்குத்தான் கேட்டேன், படைக்கு இல்ல"ன்னு சொல்லிக்கிட்டே கவசத்தைக் கழட்டி அதுல பிடிக்கிறான், அவனைப் பாத்து மத்தவங்களும் கவசத்தை நீட்டறாங்க, நான் என் மேல்சட்டையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒருவழியா நான் போய் ஒயரைப் பிடுங்கினேன், நின்னுது. லுவான் அக்காவோ, "என் மெஷினை ஏன்யா கொல்றே?"ன்னு திரும்பச் சொருகிட்டா. பொட்டிக்கு ஞாபகசக்தி அதிகம், வாங்கின உத்தரவை மறக்காம முதல்லேருந்து மறுபடி சொல்லிச்சு, இயந்திரமும் மறுபடி ஆரம்பிச்சுது.

யாலான் எங்கேன்னு பாத்தா மேசைக்கடியில கணினியோட உட்காந்து, தலையெல்லாம் மாவு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"சிரிக்காதடி, மானம் போகுது."

"தப்பு கிடைச்சிருச்சுப்பா. நம்பரை ரெண்டு துண்டாத்தான் அனுப்புவாங்க. டேப்லெட் சின்னத் துண்டை முதல்ல சொல்லுது, மெஷின் பெரிய துண்டுதான் முதல்ல வரும்னு நினைக்குது. நாம குடும்பப் பேரை முதல்ல சொல்றோம், வெள்ளைக்காரன் கடைசில சொல்றான்ல, அந்த மாதிரி. நான் திருப்பிப் போடல. ஒண்ணு இருநூத்தி அம்பத்தாறாயிருச்சு."

"ரெண்டு கேட்டிருந்தா?"

"ஐநூத்திப் பன்னெண்டு. நல்லவேளை, அவன் ஒத்தை ஆளு."

இயந்திரத்தை நிறுத்தி, ரெண்டு துண்டையும் இடம் மாத்தி எழுதிட்டு, "இப்ப அமுக்குங்க"ன்னா. யாரும் கிட்ட வரல. கடைசில அவளே அமுக்கினா. ஒரு தட்டு வந்துது. நின்னுது. அத்தனை பேரும் மூச்சுவிடாம இயந்திரத்தையே பாத்துக்கிட்டு நின்னோம், அது சும்மா இருந்துது. யாலான் முகத்தை நீங்க அப்பப் பாத்திருக்கணும் அண்ணா, சின்னப் பிள்ளையில காய்ச்சல் விட்ட அன்னிக்கு அப்படித்தான் இருந்தா.

ஆனால் லுவான் அக்கா பொட்டியைப் பிடுங்கி அவள் கையில் வைத்து, "போம்மா, உன் வித்தை எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். யாலான் மாடி ஏறிப் போனாள். இராத்திரி சாப்பிடவில்லை. காலையில் துணிகளை மடித்து வைத்தாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இருவரும் வருகிறோம். பையன் வீட்டாரிடம் சொல்லிவிடலாம். பெரியவர்கள் ஆசியும் அண்ணியின் அன்பும் எங்கள் மேல் என்றும் இருக்கட்டும். தங்கள் கால் சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்.

தங்கள் தம்பி,
பெங் சொங்ஹே

பி.கு: உறை ஒட்டுவதற்குள் லுவான் அக்கா மாடி ஏறி வந்துவிட்டாள். பைக் ஓட்டிகள் கூத்தைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கொழுக்கட்டையைத் தின்றே தீருவோம் என்று காலையிலிருந்து சனம் வாசலில் நிற்கிறது. "பொட்டியைக் கொண்டா, என் தங்கச்சி கடைக்கும் ஒண்ணு வேணும்"னு யாலான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. மடிச்ச துணி கட்டில்லயே கிடக்கு. ரயில் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. பொட்டி மாட்ட ஏணி பிடிக்க ஆள் வேணுமாம், யாலான் என்னை வேலைக்குச் சேத்துக்கிட்டா. பையன் வீட்டுக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே யோசிச்சு வைங்க. கோபமிருந்தா ராத்திரி ஃபோன்ல திட்டுங்க. பகல்ல கூப்பிடாதீங்க, வேலையில இருப்பேன்.