கல்லாற்றுக் குதிரைகளின் உரிமையாளர்

வளர்ப்புப் பிராணிக்கு ஊசி போட உரிமையாளர் கையெழுத்து வேண்டும். காட்டுப் பிராணிக்குக் காட்டு ஆபீஸின் அனுமதி வேண்டும். இரண்டிலும் சேராத பிராணி உண்டென்று விதியை எழுதியவருக்குத் தோன்றவில்லை. (அவர் கல்லாறு பக்கம் வந்திருக்கமாட்டார்.)

பொன்முடி மலையடிவாரமான அங்கே மூன்று குதிரைகள். சவாரிக்குக் கொண்டுவந்தவன் பிழைப்பில்லாமல் ஒரு ஜோடியை விட்டுவிட்டுப் போக, அவை காடேறிக் குட்டியும் போட்டுவிட்டன. ஓய்வை நெருங்கிய கால்நடை மருத்துவனான நான் போனது சாயாக்கடைச் செல்வியின் பசுவுக்காக. அதன் ரத்தத்தில் சர்ரா கிருமி. பசு மருந்தில் தேறிவிடும். அதைக் கடித்த ஈ குதிரையைக் கடித்தால் குதிரை பிழைப்பது அபூர்வம். எவ்வளவு அபாயம் என்று மதிப்பிடுவதே என் வேலை. குதிரைகள் பசுவை உரசிக்கொண்டு மேய்ந்தன. "மிக அதிகம்" என்று எழுதிவிட்டு, தடுப்பு ஊசிக்கு அனுமதி கேட்டுப் போன் செய்தேன்.

"குதிரை காட்டில் ஜனிச்சதாணோ, ஸாரே?" என்றார் காட்டு ஆபீஸ் குமாஸ்தா.

"குட்டி மட்டும்."

"அப்போ எழுதிக் கேளுங்கோ."

எழுதினேன். பதிலில்லை. பசுவின் முதுகில் ஈ மொய்த்தது.

"பதிலு வாறதுக்குள்ள ஈ வந்துரும் டாக்டரே," என்றாள் செல்வி. "எம் மாட்டால அதுக சாகணுமா?"

ஆயுள் முழுக்கப் பிறர் நிரப்பிய தாளில் குற்றம் கண்ட நான், ஊசிப் படிவத்தின் 'உரிமையாளர்' கட்டத்தில் என் பெயரையே எழுதினேன். (விதியை மீறவில்லை, விதிக்கு ஓர் ஆள் கொடுத்தேன்.)

செல்வி உப்பைக் காட்டி மூன்றையும் ஆற்றங்கரைக்கு வரவழைத்தாள். ஆண் குதிரைக்கும் குட்டிக்கும் போட்டாயிற்று. தாயின் காதுகள் பின்னால் படிந்தன.

"டாக்டரே, பின்னால போவாதிய," என்று செல்வி முணுமுணுத்தாள்.

நான் பின்னால்தான் நின்றிருந்தேன். நகர்ந்தால் உதைக்கும், நின்றாலும் உதைக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினேன். மருந்து முழுதும் இறங்கியது. அடுத்த கணம் நான் ஆற்றில் கிடந்தேன். மூக்குக்கண்ணாடி இன்னும் அங்கேதான்.

உப்பு ருசி கண்ட குதிரைகள் ரோட்டுக்கு இறங்கின. பொன்முடி பஸ்ஸை மறித்தன. ஒரு கல்யாண வேனில் தலையை விட்டு வாழைக்குலைகளைத் தின்றன. உரிமையாளரைத் தேடிப் போலீஸ்காரர் பழவங்காடியில் என் வீட்டு மணியை அடித்தார்.

"ஒரு ஸ்கூட்டர் வாங்கச் சொன்னா செலவும்பியோ," என்றாள் மனைவி. "இப்பம் மூணு குதிரையாக்கும்?"

குதிரைகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் வந்தாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என்னிடம்தான் குதிரை கேட்கிறார்கள்.

காட்டு ஆபீஸின் பதிலும் வராமலில்லை. அவை காட்டுப் பிராணிகளே. அவற்றை நான் சொந்தமாக வைத்திருந்ததற்கு விளக்கம் தரவேண்டும். வந்து சேர்ந்தது நான் ஓய்வு பெற்ற மறுவருடம், மலையாளப் புத்தாண்டு தினமான சிங்கம் ஒன்றாம் தேதி.