ஆட வேண்டிய நாற்காலி

"நீ செஞ்ச நாற்காலி ஆடலையேப்பா," என்றார் பட்டறை முதலாளி ஹாஜி முஸ்தகீம்.

நாற்காலி ஆடவில்லை என்று திட்டு வாங்கிய ஆள், மரவேலைக்குப் பேர்போன ஜெபாரா ஊரிலேயே கர்சோனோ ஒருவனாகத்தான் இருப்பான்.

"ஆடாம இருந்தா நல்லதுதானே முதலாளி?"

"சரக்கு கேட்ட ஜகார்த்தா அம்மா அனுப்பின மாதிரி நாற்காலி ஆடுதா இல்லையா? போன தடவை நூலிழை வித்தியாசம்னு சரக்கு பூரா திரும்பி வந்துச்சு. இன்னொரு தடவை வந்தா பட்டறைய இழுத்து மூடிட்டு நீ மாமனார் வயல்ல நாத்து நடலாம்."

மாமனார் என்றதும் கர்சோனோ சட்டென்று எழுந்தான். மூலையில் இருந்த மாதிரி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தான். இடப்பக்கம் சின்னதாய் ஒரு குலுக்கல். பணக்காரர் ரசனை, நமக்கேன் வம்பு?

"ஒரு காலை அறுத்துடவா?"

"அளவு மாறிடும். ஆட்டம் மூட்டுல இருக்கு, நல்லா பாரு."

மரம் குடையும் ரூட்டர் மெஷினை ஓட்டி, கால் செருகும் துளையை அகலமாகக் குடைந்தான். அதற்குள் செருகிய கழுந்து, அதாவது காலின் முனை, லொடலொடத்தது. ஹாஜி உட்கார்ந்தார். நாற்காலியும் அவரோடு தரையில் உட்கார்ந்தது.

"இது ஆட்டமில்லடா, நிலநடுக்கம்."

மரத்தூளும் பசையும் திணித்தான். மூட்டு இறுகி அசைய மறுத்தது. தட்டிக் கழற்றப் போனான், கால் பிளந்தது. ஹாஜி தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் வேறு கால் போட்டு, ஒரே ஒரு துளையில், ஒரே ஒரு ஓரத்தை மட்டும், ரூட்டரால் மயிரிழை சீவினான். இடப்பக்கம் அதே குலுக்கல் வந்தேவிட்டது.

"நீ தச்சனில்லப்பா, மகராசன்," என்று ஹாஜி அவனைக் கட்டிக்கொண்டார்.

மொத்தச் சரக்கும் அச்சுப் பிசகாமல் குலுங்கத் தயாரானது. ஜகார்த்தாவிலிருந்து விடியா அம்மா நேரிலேயே வந்தார். ஒன்றில் உட்கார்ந்தார், எழுந்தார். அடுத்ததில் உட்கார்ந்தார், அதிலிருந்தும் எழுந்தார்.

"என்னங்க இது, எல்லாமே ஆடுது?"

"உங்க மாதிரிய அப்படியே எடுத்திருக்கோம்மா," என்று கர்சோனோ பெருமையோடு மூலையிலிருந்ததை இழுத்துப் போட்டான்.

அம்மா அதில் உட்கார்ந்ததும் முகம் சுருங்கியது. "நான் அனுப்பினது இப்படி ஆடாதே."

டீத் தட்டோடு வந்த சமையல்காரி துமினா எட்டிப் பார்த்தாள்.

"அது ஆடத்தான்மா செய்யும், அடுப்படியில நான் உட்கார்ந்துட்டிருந்தது. பார்க்க ரெண்டும் ஒரே ஜாடைதானேன்னு ஆடாதத நான் எடுத்துக்கிட்டு இதை இங்க போட்டேன், இப்ப இடுப்பு வலி போன இடம் தெரியல."