மார்லீன் எழுதிய நான்கு கடிதங்கள்

முதல் கடிதத்தில் பூனை இருந்தது.

ரோடெல் மகரயெக் கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டாவது முறையாகப் படித்தான். "ரோடெல் தங்கமான மனிதன். வாசலில் பனி அள்ளுகிறான். ஞாயிறுதோறும் என் அம்மாவைக் காரில் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறான். நான் ஊரில் இல்லாதபோது பூனைக்குச் சாப்பாடு வைக்கிறான்." கீழே, மார்லீன் ஸ்டெஃபனியூக், உரிமையாளர் என்று ஒரு பெரிய கையெழுத்து.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சஸ்காச்சுவான் சமவெளியில், லாரிக்காரர்களும் கோதுமை விவசாயிகளும் வந்து போகும் அந்த உணவகத்தில் பதினான்கு மாதமாக அவன்தான் ஒரே சமையல்காரன். தேர்ச்சி தேவைப்படும் வேலையில் ஓராண்டு அனுபவம் இருந்தால் கனடாவில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். சமையல் தேர்ச்சி தேவைப்படும் வேலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் என்னென்ன வேலை செய்தான் என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் போட நாளை மாலைதான் கெடு. அது தவறினால், பிலிப்பைன்ஸில், பங்கசினானில் இருக்கும் மனைவி அனலினும் ஏழு வயது மகளும் இன்னும் எத்தனை வருடம் போன் திரைக்கு முத்தம் கொடுப்பார்களோ, யாருக்குத் தெரியும்.

"மேம், சமையலைப் பத்தி எழுதலையே?"

"அதுதான் ஊருக்கே தெரியுமே, கண்ணா. தெரியாததைத்தானே எழுதணும்?"

"அதிகாரிக்குத் தெரியாதே மேம்."

"மேம்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது! மார்லீன்னு கூப்பிடு."

"சரிங்க மேம்."

மார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளறைக் கம்ப்யூட்டரை நோக்கி நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"ஆமா, டொரான்டோல உன் மாமா பையன் இருக்கானே, நெஸ்டர். எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் மேம். ரெண்டு வேலை பார்க்கிறான்."

"ஓ," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. பூனை போயிருந்தது. "ரோடெல் சமையலறையில் உதவி செய்கிறான்" என்று இருந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாமே உதவிதான். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த டாக்டரைக்கூட, 'நல்லா உதவினார்' என்பார்கள். அரசாங்கப் பட்டியலில் மட்டும் சமையல்காரர் ஒரு பக்கம், சமையலறை உதவியாளர் இன்னொரு பக்கம்.

"உதவின்னு போட்டா பாத்திரம் கழுவறவன்னு அர்த்தம் மேம். அந்த அனுபவம் செல்லாது."

"பாத்திரம் கழுவறது நான்," என்றாள் பரிமாறும் ட்ரூடி, கையில் நாலு தட்டோடு. "அதுலயும் பங்குக்கு வராதே."

மார்லீன் பெருமூச்சு விட்டாள். "சரி, பெருசாவே எழுதிடறேன். டொரான்டோல சமையல்காரங்களுக்கு நல்ல கிராக்கியாமே?"

"அப்படித்தான் நெஸ்டர் சொல்றான் மேம்."

இந்த முறை கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

மூன்றாவது கடிதத்தைப் படித்ததும் ரோடெல் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். "இந்த உணவகமே ரோடெல்தான். சாமான் வாங்குவது, விலை வைப்பது, கடையைப் பூட்டுவது எல்லாம் அவன். உண்மையில் அவன்தான் முதலாளி. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

"மேம்! சொந்தத் தொழில் செய்யறவனுக்கு இந்த வழியே கிடையாது! பதினாலு மாசமும் தண்ணியில போயிடும்!"

"பெருசா எழுதினாலும் குத்தமா?"

அதற்குள் அடுப்பில் பெரோகி, அதாவது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, அடிபிடித்து, புகை கூடத்துக்குப் போய்விட்டது. இரண்டு விவசாயிகள் இருமினார்கள்.

"முதலாளி! நாலாம் மேசை சாப்பாடு எங்கே?" என்று ட்ரூடி குரல் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து அனலின் போனில் வந்தாள். ரோடெல் ஒரு கையால் சட்டியைச் சுரண்டியபடி அவர்கள் பாஷையில் படபடவென்று பேசினான். மார்லீன் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன கேக்கறா?"

"பொண்ணு கேக்கறாளாம் மேம், இங்கே பள்ளிக்கூட பஸ் வீட்டு வாசலுக்கே வருமான்னு."

"இங்கேயா?"

"வேற எங்கே? உங்க வீட்டுக்கு எதிர்த்த நீல வீடு காலியாகுதே, அதைக் கேட்டு வெச்சிருக்கேன்."

"நெஸ்டர் கூப்பிடலையா?"

"வாரா வாரம் கூப்பிடறான். அங்கே என்னை யாருக்கு மேம் தெரியும்? இங்கே உங்க பூனைக்குக்கூட என்னைத் தெரியும்."

அவன் சட்டியைக் கீழே வைத்தான். "ஆனா கடிதம் சரியா இல்லேன்னா பூனையையும் விட்டுட்டுப் போகணும்."

மார்லீன் மேலங்கி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

ஐந்தே நிமிடம். நான்காவது கடிதம் வந்தது.

ரோடெல் நின்றபடியே படித்தான். உணவுப் பட்டியல் திட்டமிடுதல், இறைச்சி பதப்படுத்துதல், சுவையும் அளவும் சரிபார்த்தல், வாரத்துக்கு நாற்பது மணி நேரம், சேர்ந்த தேதி, சம்பளம் எல்லாம் இருந்தன. வக்கீல் வைத்து எழுதினாலும் இப்படி வராது. நிம்மதியில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அனலினுக்கு உடனே படம் எடுத்து அனுப்பப் போனவன், கடைசி வரியில் நின்றான்.

"வின்சென்ட் எங்களை விட்டுப் போவது எங்களுக்குப் பெரிய வருத்தம்."

"மேம், இங்கே யாரோ வின்சென்ட்னு..."

"அடடா, அந்த வரியை அழிக்க மறந்துட்டேன்! கொண்டா, உனக்கு அது வேண்டாம்." மார்லீன் தாளைப் பிடுங்கிக்கொண்டு, அவன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி உள்ளே ஓடினாள்.

ரோடெல் திகைத்துப் போய் ட்ரூடியைப் பார்த்தான். "யாரு அந்த வின்சென்ட்?"

ட்ரூடி தட்டைத் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "உனக்கு முன்னாடி இருந்த சமையல்காரன். அவனோட சேர்த்து நாலு பேருக்கு இதே கடிதத்தைக் கேட்ட அன்னைக்கே மார்லீன் எழுதிக் கொடுத்தா. நாலு பேரும் மறு வாரமே டொரான்டோவுக்கு பஸ் ஏறிட்டானுங்க."